இறங்கும்போது

கல்விக் கடன் அதிகாரி மூன்று முறை கேட்டார்:
கினி… என்ன?
கினீசியாலஜி.
நர்ஸிங் மாதிரியா?
உடம்பு எப்படி அசைகிறது என்பது, என்றேன்.
அதற்கும் படிப்பா என்பதுபோல்
நாற்காலியில் ஒருமுறை அசைந்து பார்த்துக்கொண்டார்.

அங்கே மாலை ஆறு என்றால்
சயான் கோலிவாடாவில் விடியல் நாலரை.
அடுப்படியில் குந்தி, காமிராவை அணைத்து
முப்பத்தொரு முகங்களுக்கு நடுவே
ஒரு கறுப்புக் கட்டமாக இருக்கிறேன்.
பேராசிரியை தொடையெலும்பைச் சுழற்றிக் காட்டுகையில்
மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும்,
மோட்டாரை நிறுத்தச் சொல்லி யாரோ மராத்தியில் கத்துவார்கள்.
ஒருநாள் என் மைக் திறந்திருந்தது.
வெர்மான்ட்டிலும் யாராவது எழுந்து போய் நிறுத்தினார்களோ என்னவோ.

பகலில் செம்பூரில் பி.டி. டீச்சர்.
மைதானம் என்பது
இரண்டு பள்ளிப் பேருந்து நின்றது போக மிச்சம்.
பதினேழு வருடம் முன்பு
ரெய்டு போன இடத்தில் இடது முழங்கால்
ஒரு சத்தம் போட்டது.
துணி கிழிவது போலில்லை,
பென்சில் ஒடிவது போலவும் இல்லை.
அந்தச் சத்தத்தின் பெயர்
போன மாதம்தான் ஏழாம் அத்தியாயத்தில் கிடைத்தது.
அடிக்கோடு போட்டேன். வேறென்ன செய்ய.

மூன்றாம் ஒப்படைப்பு:
ஒருவரின் நடையைப் பக்கவாட்டில் படமெடுக்கவும்.
பத்து மீட்டர் நேர்ப்பாதை, தடையில்லாதது.
டேப் வைத்து அளந்தேன். வீடு மூன்றரை.
வராந்தா ஏழு; அதில் சைக்கிள் இரண்டு,
ஒரு பீப்பாய், மோஹிதே வீட்டு ஷூ அலமாரி.
பத்து மீட்டர் தடையில்லாமல்
இந்த ஊரில் காக்கைக்குத்தான் கிடைக்கும்.
மாடிப்படி போதுமா என்று எழுதிக் கேட்டேன்.
போதும், ஏற்றம் இறக்கம் இரண்டும் வேண்டும் என்று பதில்.

லிஃப்ட் இல்லாத எங்கள் ஐந்து மாடிக்குச்
சாப்பாட்டுப் பை சுமந்து வருகிறவன் தன்ராஜ்.
என்னைத் தாயீ என்பான்.
அவன் மொழியில் அது அக்கா.
மூட்டுகளைக் குறிக்க வெள்ளைப் பந்துகள் உண்டாம்,
விலை டாலரில்.
ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து பெரிய மெரூன் மூன்றை உரித்து
இடுப்பு, முழங்கால், கணுக்கால் என
அவன் ஜீன்ஸ் மேல் ஒட்டினேன்.
என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தான்.

ஏறினான், பையோடு, இரண்டிரண்டு படியாக.
இறங்கச் சொன்னேன்.
கை கைப்பிடியைத் தேடியது.
வலது கால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தயங்கி
தண்ணீரின் சூடு பார்ப்பதுபோல் இறங்கியது.
எப்போதிருந்து?
போன மழையில், கிங்ஸ் சர்க்கிள் பாலத்தடியில், வண்டியோடு.
ஏறும்போது ஒன்றும் தெரியாது தாயீ,
இறங்கும்போதுதான்.

அது எனக்குத் தெரியும்.
நீண்டுகொண்டே இறுக்கிப் பிடிக்க வேண்டும் தசை,
விழப்போகிற உடம்பைத் தாமதப்படுத்த.
பாடத்தில் அதற்கு ஒரு சொல் உண்டு.
சயான் ஸ்டேஷன் படியில்
நான் கம்பியைப் பிடித்து இறங்கும்போது
பின்னால் வருகிறவர்களிடம்
வேறு சில சொற்கள் உண்டு.

சுவரில் முதுகைச் சாய்த்து இரண்டு பயிற்சி காட்டினேன்.
தலையாட்டிக்கொண்டே அடுத்த ஆர்டரை எடுத்தான்.

மறுநாள் போன்:
கணுக்கால் பொட்டு துவைத்தும் போகவில்லை,
யாருடா அவள் என்கிறாள் அம்மா.
ஒரு டீச்சரின் பரீட்சை என்றேன். நம்பவில்லை.

மதிப்பெண் எண்பத்திரண்டு.
கீழே ஒரு குறிப்பு: பங்கேற்பாளர் அவசரத்தில் இருந்தாரா?
ஏறும் வேகம் இயல்பானதாக இல்லை.

ஒரு பத்தி எழுதினேன்,
நிமிடக் கணக்கு, அபராதம், நட்சத்திரம் எல்லாம் சேர்த்து.
அழித்தேன்.
இதுவே அவருடைய இயல்பான வேகம் என்று
ஒரே வரி அனுப்பிவிட்டுப்
பாலுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாலாவது மாடி.
கைப்பிடி ஈரமாக இருந்தது.
இடது காலை முதலில் வைத்தேன்.